கட்டமும் புள்ளியும் கணிப்பொறியும்: கரிசல் நாட்டு வரைகலையின் வரலாறு

வானம் பார்த்த பூமி என வழங்கப்பெறும் நிலப்பகுதிகளுள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் ஒன்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வட்டாரம், 1985ஆம் ஆண்டில் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. கரிசல் மண்ணும், மழைக்காலத்தில் மட்டும் பெருகும் குண்டாறும், மழையை நம்பிய கண்மாய்களும் இதன் இயற்கை அடையாளங்கள். பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் விளையும் இந்நிலம், மழை பொய்த்த ஆண்டுகளில் மக்களைக் கைவிட்டது. அம்மக்கள் கைத்தொழிலைப் பற்றிக்கொண்டனர். அருப்புக்கோட்டையில் தறியோசை எழுந்தது. மேற்கே சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சும் தழைத்தன. அதற்குத் தெற்கே கோவில்பட்டி, நாட்காட்டி ஓவியர்களின் ஊராயிற்று.

இத்தொழில்கள் மூன்றுக்கும் பொதுவான தேவை ஒன்று இருந்தது. அதுவே வரைகலை. சேலையின் கரைக்குப் பூ வரைய வேண்டும். தீப்பெட்டிக்கு வில்லை வரைய வேண்டும். நாட்காட்டிக்குத் தெய்வ உருவம் வரைய வேண்டும். ஓவிய வரலாறு என்றவுடன் கோயிற்சுவரும் அரண்மனை மாடமும் நினைவுக்கு வருவது இயல்பு. இவ்வட்டாரத்து ஓவிய வரலாற்றின் பெரும்பகுதியோ தறிக்கும் அச்சு எந்திரத்துக்கும் வரையப்பட்ட படங்களில் உள்ளது. இன்றைய ஓவியர் தாளில் கோடு வரைந்து, அதனைக் கணிப்பொறிக்குள் ஏற்றி வண்ணம் தீட்டி முடிக்கிறார். இது மரபுக்கு முரணான புதுவழக்கம் என வருந்துவோர் உளர். ஆயினும் கையால் வரைந்த கோட்டைப் புள்ளியாகவும் கட்டமாகவும் பிரித்து எந்திரத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் பழையது. கணிப்பொறி அவ்வழக்கத்தின் அண்மைக்காலக் கட்டமேயாகும். அவ்வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, அதன் ஒவ்வொரு படியிலும் யாருடைய கைத்திறன் மறைந்தது என்பதை நோக்குவது பயனுடையது.

வாசலில் தொடங்கிய கணக்கு

வரைகலைக்கு முதற்பள்ளி வீட்டு வாசலே. சாணம் தெளித்த தரையில் முதலில் புள்ளிகள் வரிசையாக இடப்படுகின்றன. பின்னர், அப்புள்ளிகளை இணைத்தோ சுற்றி வளைத்தோ கோடு செல்கிறது. எத்தனை வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்பன முன்னரே வகுக்கப்படுகின்றன. கோலமிடும் பெண் உருவத்தை நினைவில் கொள்வதோடு, அதனை உருவாக்கும் முறையையும் நினைவில் கொள்கிறார். அதனால்தான் சிறு கோலத்தைப் பெருங்கோலமாக விரிக்க அவரால் இயலுகிறது.

இவ்வுண்மையை அறிவியல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் தமிழகத்துக் கணித அறிஞர்களே என்பது பெருமைக்குரியது. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் கோலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோல உருவங்களுக்கும் விதிகள் அடங்கிய இலக்கணம் வகுக்கலாம் என அக்கட்டுரை காட்டியது. அது வெளிவந்தது கணிப்பொறி வழி உருவரைவைப் பற்றிய பன்னாட்டு ஆய்விதழில். மரபுவழி வரைவும் கணிப்பொறியும் சந்தித்த தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம். சந்தைக்குப் படம் வரையும் மென்பொருள்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இச்சந்திப்பு நிகழ்ந்துவிட்டது.

சுந்தரர் பாடல் பெற்ற திருச்சுழியின் பெயரும் இங்கு எண்ணத்தக்கது. பெருவெள்ளம் நிலத்துள் சுழித்து இறங்கியதாகத் தலபுராணம் கூறும். சுழி என்னும் சொல்லுக்கு நீர்ச்சுழல் என்னும் பொருளோடு பூச்சியம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. எழுதத் தொடங்குவோர் முதலில் இடுவதும் ஒரு சுழியே. கணிப்பொறியோ சுழியையும் ஒன்றையும் மட்டுமே எண்ணத் தெரிந்தது.

தறியில் ஏறிய கோடு

அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். பருத்திச் சேலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் பெருகின. கட்டம் போட்ட சேலைக்கும் கோடு போட்ட சேலைக்கும் பாவு நூலையும் ஊடை நூலையும் நிறம் மாற்றிக் கோத்தால் போதும். கரையிலும் முந்தியிலும் கொடியோ மாங்காயோ மயிலோ வேண்டுமெனில் ஓவியரின் கை தேவைப்படும். தமிழகத்து நெசவூர்களில் இருபதாம் நூற்றாண்டில் பரவிய ஜக்கார்டு பெட்டி இவ்வேலையை எளிதாக்கியது.

பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் நிறைவுசெய்த கருவி அது. துளையிட்ட அட்டைகள் தறியின் மேல் சங்கிலியாகத் தொங்கும். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் கீழே தங்கும். ஓர் அட்டை, ஓர் ஊடை வரிசைக்குரிய கட்டளை. 1839ஆம் ஆண்டில் ஜக்கார்டின் உருவப்படமே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அப்படத்தின் படி ஒன்றை வைத்திருந்த இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லசு பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் எந்திரத்துக்கும் அத்தகைய அட்டைகளையே பயன்படுத்த எண்ணினார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எர்மன் ஆலரித் துளை அட்டைகளைக் கொண்டே விவரங்களைத் தொகுத்தார். கணிப்பொறியின் மூதாதையருள் தறியும் ஒன்று என்பது இதனால் விளங்கும். கணிப்பொறியைக் கண்ணால் காணாத நெசவாளரும் அதன் அடிப்படை விதியின்படி நாள்தோறும் வேலை செய்திருக்கிறார்.

ஓவியர் வரைந்த பூ அட்டைக்குச் செல்லும் வழி கடினமானது. முதலில் வெற்றுத்தாளில் கோடு தடையின்றி ஓடும். கொடியின் வளைவும் இதழின் விரிவும் அங்கே தீர்மானமாகும். அடுத்து அவ்வுருவம் கட்டத்தாளுக்கு மாற்றப்படும். நெடுக்குக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கொக்கி. குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஓர் அட்டை. 240 கொக்கி கொண்ட பெட்டிக்கு 400 வரிசையில் ஒரு வடிவம் அமைத்தால், 96,000 கட்டங்களில் எவை நிறம் பெறும், எவை வெறுமையாய் நிற்கும் என ஒருவர் கையால் முடிவு செய்தாக வேண்டும். வளைகோடு படிக்கட்டாக உடையும் இடம் இதுவே. படி எங்கே விழுந்தால் சேலையில் வளைவாகத் தோன்றும் என்பதைப் பழகிய கண்ணே அறியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நூல் நெடுந்தூரம் பிணையாமல் மிதந்து சென்றால், அணியும்போது வளையலிலும் விரலிலும் மாட்டி அறுந்துவிடும். ஆதலால் அழகைக் குலைக்காமல் இடையிடையே பிணைப்புப் புள்ளிகள் வைக்க வேண்டும். இவ்வாறு முடிந்த கட்டத்தாளை வரிசை வரிசையாகப் படித்து ஒருவர் அட்டை குத்துவார். ஒரு துளை தவறினால், அவ்வடிவம் திரும்ப வரும் இடமெல்லாம் பிழையும் திரும்ப வரும். எழுத்துப்பிழையை அடித்துத் திருத்தலாம். நெய்த பிழையைப் பிரித்தே திருத்த வேண்டும்.

இவ்வுலகத்துக்கும் நவீன ஓவியத்துக்கும் பாலமாக அமைந்தவை 1956ஆம் ஆண்டு முதல் இந்திய நகரங்களில் நிறுவப்பெற்ற நெசவாளர் சேவை மையங்கள். கவின்கலைக் கல்லூரிகளில் பயின்ற ஓவியர்கள் அங்கே வடிவமைப்பாளர்களாகப் பணியேற்றனர். பம்பாய் மையத்தில் கே. ஜி. சுப்பிரமணியனும், சென்னை மையத்தில் கே. எம். ஆதிமூலமும் பணியாற்றினர். ஆதிமூலம் காந்தியடிகளைக் கோட்டோவியங்களாகத் தீட்டியவர். தமிழ்ச் சிற்றிதழ்களின் அட்டைகளையும் எழுத்துருக்களையும் புதுக்கியவர். கோட்டின் சுதந்திரத்தையும் கட்டத்தாளின் கட்டுப்பாட்டையும் ஒருசேர அறிந்த ஒரு தலைமுறை ஓவியர்கள் இவ்வாறு உருவாயினர்.

கல்லச்சும் நாட்காட்டியும்

நெசவில் கட்டம் செய்த வேலையை அச்சில் புள்ளி செய்தது. 1923ஆம் ஆண்டில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு வில்லை தேவைப்பட்டது. வில்லை அச்சிடக் கல்லச்சு வந்தது. கல்லச்சு வந்த பின்னர் நாட்காட்டியும் தெய்வப் படமும் தொடர்ந்தன. வறண்ட காற்று தீக்குச்சிக்கு உகந்ததாய் இருந்தது போலவே, அச்சிட்ட தாள் உலரவும் உகந்ததாய் இருந்தது. உழவுக்குக் குறையாய் நின்ற வானிலை தொழிலுக்கு முதலாயிற்று.

செருமானியரான அலாய்சு செனபெல்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த கல்லச்சு முறை, நீரும் எண்ணெய்ப் பசையும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பை அடிப்படையாகக் கொண்டது. இந்தியத் தெய்வ உருவங்களை அம்முறையால் வீடுதோறும் சேர்த்த பெருமை, 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவிய இரவி வர்மாவுக்கு உரியது. வண்ணப்படம் ஒன்றுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். கல்லச்சு ஓவியர் மூலப்படத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, முருகனின் கன்னத்தில் சிவப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, நிழலில் நீலம் எவ்வளவு என மனத்தால் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் புள்ளிகளை இடுவார். நெருக்கமான புள்ளி அடர்நிறம்; தளர்ந்த புள்ளி இளநிறம். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சேறிய பின்னரே கன்னம் கன்னமாகத் தோன்றும்.

இத்தொழிலுக்கு மூலப்படங்களை வழங்கியவர்களுள் தலையாயவர் சி. கொண்டையராஜு. 1898ஆம் ஆண்டில் பிறந்து 1976ஆம் ஆண்டில் மறைந்த இவர், சென்னைக் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்றவர். இளமையில் துறவு நாட்டம் கொண்டு திருவண்ணாமலையில் இரமண மகரிசியின் அருகில் சில காலம் வாழ்ந்தார். அந்த இரமணர் 1879ஆம் ஆண்டில் பிறந்த ஊர் திருச்சுழியே. பின்னர் கொண்டையராஜு நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதும் ஓவியரானார். 1940களின் தொடக்கத்தில் அக்குழு கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அங்கே டி. எஸ். சுப்பையா முதலிய மாணவர்கள் அவரைச் சூழ, தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் நிலையம் உருவாயிற்று. சிவகாசி அச்சகங்களின் வழியே அவர்களுடைய மீனாட்சி கல்யாணமும் முருகனும் இலக்குமியும் தென்னாடெங்கும் பூசையறைகளில் இடம்பெற்றன.

இக்குழுவினரின் தொழில்முறை கருதத்தக்கது. ஒளிப்படக் கருவியை அவர்கள் பகையாகக் கருதவில்லை. ஒளிப்படத் தொழிலும் ஓவியத் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. நாடகத் திரையின் ஆழத்தோற்றம், கலைப்பள்ளி கற்பித்த உடற்கூறு, ஒளிப்படத்தின் ஒளிநிழல், கோயிற்சிற்பத்தின் அணிகலன் ஆகிய நான்கும் அவர்களுடைய படங்களில் கலந்தன. எக்கருவி கிடைத்தாலும் அதனைக் கைவேலைக்குத் துணையாக்கிக்கொள்ளும் மனப்பான்மை, கணிப்பொறிக்கு நெடுங்காலம் முன்னரே இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருந்தது.

கணிப்பொறி வந்தபோது

கல்லின் இடத்தைத் துத்தநாகத் தகடும், கையால் இட்ட புள்ளியின் இடத்தை ஒளிப்படக் கருவியும் கண்ணித்திரையும் முதலில் கைப்பற்றின. பின்னர் நிறம் பிரிக்கும் வருடிப்பொறிகள் வந்தன. 1990ஆம் ஆண்டில் போட்டோஷாப் மென்பொருள் வெளியாயிற்று. அப்பதிற்றாண்டிலும் அடுத்ததிலும் சிவகாசி அச்சுத்தொழில் படிப்படியாகக் கணிப்பொறிக்கு மாறியது. ஒரு படத்து முகத்தையும் மற்றொரு படத்து நகையையும் இணைத்துப் புதுப்படம் ஆக்குவது எளிதாயிற்று. இதனைக் கணிப்பொறியின் குற்றமாகச் சிலர் கூறுவர். ஆயின் அச்சிட்ட படங்களைக் கத்தரித்து ஒட்டி, ஒட்டின் மேல் வண்ணம் பூசிப் புது மூலப்படம் அமைக்கும் முறை நாட்காட்டி ஓவியர்களிடம் அதற்கு முன்பே இருந்தது. மென்பொருளில் வெட்டுதல், ஒட்டுதல் என்னும் கட்டளைகளைக் கண்ட பழைய தொழிலாளிக்கு அவற்றில் புதுமை இருந்திராது.

நெசவிலும் அவ்வாறே. 1983ஆம் ஆண்டில் மிலான் கண்காட்சியில் போனஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டை அறிமுகப்படுத்தியபோது அட்டையின் தேவையே அற்றுப்போகும் வழி திறந்தது. ஓவியர் கணிப்பொறித் திரையில் கட்டங்களை நிரப்புவார். கொக்கிகள் மின் கட்டளைக்குப் பணியும். மிதக்கும் நூல் எங்கெங்கே நீள்கிறது என்பதை மென்பொருளே காட்டிக்கொடுக்கும். கைத்தறி வடிவமைப்புக்கென இந்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கழகம் டிஜிபுனை என்னும் மென்பொருளை உருவாக்கியது. திரையில் தெரியும் சிறு சதுரமும் கட்டத்தாளின் சதுரமும் ஒன்றே. வண்ணங்களை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் மென்பொருள் முறையும், நிறத்துக்கு ஒரு கல் என்னும் கல்லச்சு முறையும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள்.

இம்மாற்றத்தில் மூலக்கோட்டை வரைபவர் தம் இடத்தை ஓரளவு காத்துக்கொண்டார். கோட்டுக்கும் எந்திரத்துக்கும் இடையே நின்றவர்களே இடம் இழந்தனர். கட்டத்தாள் நிரப்பியவர், அட்டை குத்தியவர், கல்லில் புள்ளி இட்டவர், படச்சுருளில் தூரிகையால் திருத்தியவர், விளம்பரப் பலகையில் எழுத்து வரைந்தவர் ஆகியோர் ஒவ்வொருவராக வேலை இழந்தனர். நாட்காட்டியின் மூலையில் ஓவியரின் கையெழுத்தாவது இருந்தது. புள்ளி இட்டவரின் பெயர் எங்கும் அச்சாகவில்லை. சேலையில் பூ நிலைத்தது. அட்டை குத்தியவர் யார் என்பதை உடுத்தியவரும் அறியார், விற்றவரும் அறியார். மின்னணு முறையால் தொழில் விரைவு பெற்றது உண்மை. அந்த விரைவின் விலையைக் கொடுத்தவர்கள் இவர்களே என்பதும் அதே அளவு உண்மை.

கையும் கருவியும்

இரு மரபுகளையும் தம் கலை வாழ்வில் இணைத்தவர்களுள் டிராட்ஸ்கி மருது குறிப்பிடத்தக்கவர். 1953ஆம் ஆண்டில் மதுரையில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். சிற்றிதழ்களிலும் பேரிதழ்களிலும் கதை, கவிதைகளுக்கு அவர் தீட்டிய விரைவுக் கோடுகள் தமிழ் வாசகர் நன்கறிந்தவை. திரைப்படத் துறையில் இயங்கிய அவர், கணிப்பொறியை ஓவியக் கருவியாகத் தமிழகத்தில் தொடக்கத்திலேயே கையாண்டவர்களுள் ஒருவர். பழந்தமிழ் மன்னர்களை உருவப்படுத்திய அவரது ‘வாளோர் ஆடும் அமலை’ என்னும் தொகுப்பு பலராலும் பேசப்பட்டது. கோட்டுப் பயிற்சியை முழுமையாகப் பெற்ற ஒருவர் கணிப்பொறியை அணுகும்போது கருவி கைக்கு அடங்கி நிற்கும் என்பதற்கு அவரது கலைவாழ்வு சான்று. உலக அரங்கிலும் டேவிட் ஆக்னி போன்ற மூத்த ஓவியர், வண்ண ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற பின்னர், 2010ஆம் ஆண்டு முதல் ஐபேடு பலகையில் விரலாலும் கோலாலும் வரைந்தார். கை பழகியவருக்குத் தளம் மாறுவது தடையன்று.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. மைக்கோட்டைத் திரும்பப் பெற இயலாது. குத்திய துளையை மூட இயலாது. அதனால் கோடு இடுமுன் ஓவியர் மனத்துள் பலமுறை வரைந்து பார்த்தார். கணிப்பொறியில் செய்ததை நொடியில் நீக்கலாம். இவ்வசதி அச்சத்தைப் போக்கிப் புதுமுயற்சிக்குத் துணிவு தருகிறது. அதே வசதி, கோடு இடுமுன் நிகழும் அந்த மன ஒத்திகையைக் குறைக்கவும் கூடும். தாளில் மையால் பழகிய பின்னர்த் திரைக்குச் செல்லும் முறையை ஆசிரியர் பலர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. வாசற்கோலம் இடும் சிறுமியும் முதலில் தண்ணீரைத் தொட்டுத் திண்ணையில் பழகிய பின்னரே மாவைத் தொடுகிறாள்.

காக்கவேண்டிய செல்வம்

இவ்வரலாற்றின் சான்றுகள் விரைந்து அழிந்து வருகின்றன. கல்லச்சுக் கல்லில் ஒரு படம் அச்சாகி முடிந்ததும், அதனைத் தேய்த்து அடுத்த படத்தை வரைவது தொழில் வழக்கம். ஒரு படம் பிறக்க முந்திய படம் அழிந்தது. வேலை முடிந்த அட்டைக்கட்டும் கட்டத்தாளும் பழைய தாள் விலைக்கே போகும் பொருள்கள்.

கணிப்பொறியில் சேர்த்தவை நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையும் முழுதும் சரியன்று. 1990களில் வட்டில் சேமித்த படங்களைத் திறக்க இன்று பொறி கிடைப்பது அரிது. அக்காலத்துத் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் இன்று வாசிக்க இயலாத குறிகளாகத் தோன்றுவதைப் பதிப்புத் துறையினர் அறிவர். ஐம்பது ஆண்டுப் பழைய கட்டத்தாளை வெறுங்கண்ணால் படிக்கலாம். முப்பது ஆண்டுப் பழைய வட்டைப் படிக்க மற்றொரு பொறி வேண்டும்.

தனியொருவர் முயன்றாலும் பெருஞ்செல்வம் காக்கப்படும் என்பதற்குத் தமிழகத்திலேயே முன்மாதிரி உண்டு. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பிறர் பொருட்படுத்தாத நூல்களையும் இதழ்களையும் துண்டுத்தாள்களையும் அவர் தொகுத்தார். அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994ஆம் ஆண்டில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. அருப்புக்கோட்டையின் கட்டத்தாளும் அட்டைக்கட்டும், சிவகாசியின் வில்லையும், கோவில்பட்டியின் மூலப்படமும் அத்தகைய அக்கறைக்கு உரியவை. பொருள்களைத் தொகுப்பதோடு, இன்னும் வாழும் முதிய கைவினைஞர்களிடம் அவர்தம் தொழிற்சொற்களையும் செய்முறையையும் கேட்டு, பெயரோடு பதிவு செய்தலும் வேண்டும். ஊர்தோறும் உள்ள இலக்கிய அமைப்புகளும் கல்லூரித் தமிழ்த்துறைகளும் இப்பணியை மேற்கொள்ளத் தக்கன. பெயரின்றிப் புள்ளி இட்ட கைகளுக்கு வரலாறு செலுத்த வேண்டிய கடன் அது.